சேற்றுக்குள் ஒரு விக்டோரியா லைன்

வாத்து வேட்டைக்காரரைப் படகில் ஏற்றிப் போகிறவனுக்கு வாத்தைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கத் தேவையில்லை. தண்ணீர் எப்போது காலை வாரும் என்று தெரிந்திருந்தால் போதும். கிழமை நாட்களில் ஒரு வேலை, சனிக்கிழமை இன்னொரு வேலை என்று லண்டனில் ஓடித் திரிந்தவர்களுக்கு என் பாடு புதிதாக இராது. உங்களில் சிலர் சனிக்கிழமைகளில் கோப்பை கழுவினீர்கள். சிலர் கடைகளில் பெட்டி இறக்கினீர்கள். நான் தேம்ஸ் நதி கடலோடு சேர்கிற சதுப்புக்குள், துவக்கு வைத்திருந்தவர்களைத் தட்டைப் படகில் இருத்தித் தள்ளினேன். எண்பதுகளின் நடுவில் தொடங்கி, தொண்ணூறுகளில் கொஞ்சத் தூரம் வரை அந்த வேலை ஓடியது. அங்கே பேசியது பெரும்பாலும் ஆங்கிலம். ஆனால் வீட்டுக்கு வந்து மனைவிக்குச் சொல்லும்போது வெள்ளைக்காரரும் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசினார்கள். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

கோல் எங்கே?

வால்தம்ஸ்டோவில் ஒரு பெற்றோல் செட்டில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து காசு வாங்குவது என் கிழமை நாள் வேலை. ஒரு ஓகஸ்ட் மாதம், பின்னால் படகொன்றை இழுத்துக்கொண்டு ஒரு வான் வந்து நின்றது. அடி தட்டையாக, பாசி நிறத்தில் பூசிய படகு. வரிசையில் ஆள் இல்லை. நான் வெளியே போய் அதைச் சுற்றிப் பார்த்தேன். இடுப்பளவு ஆழமே உள்ள யாழ்ப்பாணப் பரவைக்கடலில் வள்ளம் தள்ளி வளர்ந்தவன் நான். லண்டனுக்கு வந்தபின் கையால் தொட்ட முதல் படகு அது. இயந்திரம் இருந்தது, துடுப்பு இருந்தது. ஆழமில்லாத தண்ணீரில் ஊன்றித் தள்ளுகிற மரக்கோல் மட்டும் இல்லை. "கோல் எங்கே?" என்று கேட்டேன்.

வானிலிருந்து இறங்கியவர் பெயர் றொன். அறுபது வயது இருக்கும். இடுப்பு மூட்டுத் தேய்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். செப்டெம்பரிலிருந்து பெப்ரவரி வரை வேட்டைக்காரரைச் சதுப்புக்குள் கூட்டிப்போவது அவர் தொழில். கோல் வீட்டில் கிடக்கிறது, நின்று தள்ள இடுப்பு விடுகிறதில்லை, படகை விற்கத்தான் யோசிக்கிறேன் என்றார். நான் தள்ளுகிறேன் என்றேன். யோசித்துப் பேசவில்லை, பகல் முழுக்கக் கண்ணாடிக்குள் இருக்கிறவனுடைய வாயிலிருந்து அது தானாக வந்தது. அவர் என் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இந்த சீசன் பாப்பம். நான் வாய் திறக்காமல் நீ என்னைக் கரை சேர்க்கிற நாள் வந்தால், அடுத்த வருசமும் படகு ஓடும். இல்லாட்டில் விக்கிறதுதான், வாங்கிறவன் அதுக்குள்ள பூக்கண்டு நடட்டும்."

இறங்கித் தள்ளியது

பரவைக்கடலில் வள்ளம் தரை தட்டினால் நாங்கள் யோசிப்பதில்லை. இறங்கித் தள்ளுவோம். கீழே மணல் இருக்கும், கால் நிற்கும். என் முதல் சனிக்கிழமை, கடல் வற்றுகிற நேரத்தில் படகு தரை தட்டியது. றொன் "பொறு" என்று சொல்லி முடிப்பதற்குள் நான் பக்கத்தால் குதித்துவிட்டேன். முழங்காலில் நிற்பேன் என்று நினைத்தேன், தொடையிலும் நிற்கவில்லை. எனக்குக் கீழே இருந்தது தரை அல்ல, களி. காலை இழுக்க இழுக்க அது என்னை இழுத்தது. படகில் இருந்த இரண்டு வேட்டைக்காரரும் துவக்கை வைத்துவிட்டு ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். றொன்னின் கறுப்பு நாய், பெஸ், என் முகத்துக்கு நேரே முகத்தை வைத்து ஆறுதலாகப் பார்த்தது.

றொன் அவசரப்படவில்லை. படகின் அடிப்பலகையைக் கழற்றி என் முன்னால் சேற்றின்மேல் வைத்தார். "அதிலை நெஞ்சை வைச்சுப் படு. நீந்திற மாதிரி வா" என்றார். சப்பாத்து இரண்டையும் சேற்றுக்கே கொடுத்துவிட்டு, முதலைக்குட்டி மாதிரி ஊர்ந்து படகில் ஏறினேன். இந்தக் கதையை அவர் யாருக்கும் சொல்லிச் சிரித்ததில்லை. வான் ஹீற்றரைக் கூட்டிவிட்டு, தன் சொந்தக் காலுறையைத் தந்து, ஒன்றே ஒன்று சொன்னார்: "உங்கட ஊரிலை கடலுக்கு அடி கட்டி முடிச்சிட்டினம் போல. இங்கை இன்னும் வேலை நடக்குது, கென்."

என் பெயர் கந்தசாமி. அன்றிலிருந்து கென்.

புரட்டாதிச் சனி

சீசன் தொடங்குவது செப்டெம்பரில். அதே மாதத்தின் நடுவில் எங்களுக்குப் புரட்டாதி பிறந்துவிடும். சனிக்கு எள்ளெண்ணெய் எரித்து, மரக்கறி சாப்பிட்டு, காகத்துக்குச் சோறு வைக்கிற சனிக்கிழமைகள். என் மனைவி புஷ்பம் வால்தம்ஸ்டோ பிளாற்றின் பல்கனியில் காகத்துக்குச் சோறு வைப்பாள். காகம் வராமல் புறா வரும். அந்த நேரம் பார்த்து நான் விடியற்காலை வேட்டைக்கு வெளிக்கிடுவேன். "நான் சுடேல்லையப்பா, தள்ளுறன்" என்பேன். "சனீஸ்வரன் வந்து கேட்டால் அதைச் சொல்லுங்கோ" என்பாள். றொன் கூலியோடு கொடுத்துவிடுகிற வாத்துகளை அந்த மாதம் முழுக்கப் பெற்றோல் செட்டில் கூட வேலை செய்தவர்களுக்குக் கொடுத்தேன்.

ஐப்பசி பிறந்தபின் ஒரு சோடியைச் சமையலறைக்குள் விட்டாள். அந்தச் சதுப்பு வாத்தில் ஒரு சேற்று மணம் இருக்கும். வெள்ளைக்காரர் அதை ஆரஞ்சுத் தோடம்பழத்தோடு வேகவைத்துப் பார்த்துவிட்டு நாய்க்குப் போடுவார்கள். புஷ்பம் மஞ்சளும் தேசிக்காய்ப் புளியும் பிரட்டி ஊறவைத்து, கழுவி, வறுத்த தூள் போட்டு, தேங்காய்ப்பால் வற்ற வற்றப் பிரட்டல் வைத்தாள். ஒரு டப்பாவில் றொன்னுக்கும் கட்டித் தந்தாள். அவர் படகின் பின்பக்கத்தில் இருந்து, வியர்த்து, மூக்கைத் துடைத்து, டப்பாவின் மூலையை விரலால் வழித்துச் சாப்பிட்டதைப் பார்க்க எனக்குக் கண் நிறைந்தது. இத்தனை காலமாக இந்தப் பறவையை நான் வீணாக்கியிருக்கிறேன் என்றார். அதை வீட்டில் வந்து சொன்னேன். புஷ்பம் முகத்தைத் திருப்பிச் சிரிப்பை மறைத்துக்கொண்டு சொன்னாள்: "சுட்ட பாவம் சுட்ட ஆளுக்கு. ருசிக்கு மட்டும் நான் பொறுப்பு."

அவள் போய்ப் பல வருடமாகிறது. நான் வைத்தால், கடையில் வாங்கிய வாத்திலும் சேறு மணக்கிறது.

கடல் இல்லாத நேரம்

எனக்கு வழி பிடிபடவில்லை. சதுப்புக்குள் வாய்க்கால்கள் கைரேகை மாதிரிப் பிரிந்து போகும். நிறைந்த தண்ணீரில் எல்லாம் ஒன்றாகத் தெரியும். வற்றும்போது தவறான வாய்க்காலில் இருந்தால், அடுத்த பெருக்கு வரும்வரை அந்தக் குளிரில் சேற்றின்மேல் இருக்க வேண்டியதுதான். றொன் பின்னால் இருந்து "இடது… இடது… இப்ப வலது" என்று சொல்லிக்கொண்டே வருவார். அவர் வாய் திறக்கும் ஒவ்வொரு தடவையும் படகு கொஞ்சம் விலைப்பட்டுப் போவதாக எனக்குத் தோன்றும்.

எங்கள் ஊர்க் கடல் ஒரு நாளும் தன் அடியைக் காட்டியதில்லை. இங்கே ஒவ்வொரு நாளும் துணி விலக்கிக் காட்டுகிறது. ஆகவே வேலை இல்லாத ஞாயிறுகளில் வற்று நேரம் பார்த்துப் போய், கடல் அணையில் இருந்து வாய்க்கால்களின் அடியைப் பார்த்துப் பாடமாக்கினேன். பெயர் இல்லாமல் பாடமாக்க ஏலாது. எனக்கு வரிசையாகத் தெரிந்த பெயர்கள், வால்தம்ஸ்டோவிலிருந்து நிலத்தடியால் ஓடுகிற விக்டோரியா லைன் ரயிலின் ஸ்டேஷன்கள்தான். படகு கட்டுகிற துறை வால்தம்ஸ்டோ. முதல் வளைவு பிளாக்ஹோர்ஸ் ரோட். பிறகு டொட்டன்ஹாம் ஹேல், செவன் சிஸ்டர்ஸ். இரண்டு வாய்க்கால் ஒன்றுபோலப் பிரிகிற பொல்லாத இடம் பின்ஸ்பரி பார்க், ஏனென்றால் அங்கேதான் பிக்காடிலி லைனும் வந்து முட்டும். வேட்டைக்காரர் ஒளிந்திருக்கும் கடைசி மேடு விக்டோரியா. ஒரு ஞாயிறு புஷ்பத்தையும் கூட்டிப்போய், அணையில் விரிப்புப் போட்டு, பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, ஒவ்வொரு ஸ்டேஷனாகக் காட்டினேன். எதிரே கண்ணுக்கு எட்டும்வரை சேறு. அவள் பொறுமையாக எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "கடல் பாக்கப் போவம் எண்டு கூட்டிக்கொண்டு வந்து, கடல் இல்லாத நேரமாப் பாத்து இருத்தி வைச்சிருக்கிறியளப்பா."

சுடாத கை

எங்கள் வாடிக்கைக்காரரில் ஒரே தமிழர் செல்வராஜ். மலேசியாவில் பிறந்து, படிக்க வந்து, லண்டனின் தெற்குக் கரையோரம் சட்டனில் வீடு வாங்கித் தங்கிவிட்ட எஞ்சினியர். முறைப்படி அனுமதி எடுத்து, புதுத் துவக்கும் புதுத் தொப்பியுமாக வருவார். ஒரு மார்கழி விடியலில் அவரையும் வேறு இருவரையும் விக்டோரியா மேட்டில் மறைப்பு வலைக்குப் பின்னால் இருத்தினேன். மிதக்கவிட்ட பொய் வாத்துகளைச் சுற்றி உண்மை வாத்துகள் வட்டமிட்டன. அந்த இருவரும் சுட்டார்கள். செல்வராஜ் துவக்கை உயர்த்துவார், பார்ப்பார், இறக்குவார். சாம்பல் வெளிச்சத்தில் பறவைகளின் நிழல்தான் தெரிந்தது. சுடக்கூடாதென்று சட்டம் காக்கிற வாத்துகளும் அதற்குள் கலந்து பறக்கும். வெளிச்சம் வந்தபோது வாத்துகள் போய்விட்டன. வெறுங்கையோடு எழுந்தார்.

மற்றவர்கள் பகிடி பண்ணினார்கள். இதற்கா இவ்வளவு தூரம் வந்தாய், சட்டன் குளத்து வாத்துக்குப் பாண் துண்டு போட்டிருக்கலாமே என்றார்கள். அவரும் கூடச் சிரித்தார். றொன் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பும்போது செல்வராஜைத் தன் பக்கத்தில் இருத்தி, தன் பிளாஸ்கின் மூடியில் முதல் தேத்தண்ணியை அவருக்கு ஊற்றினார். அந்த மூடியை அவர் யாருக்கும் கொடுத்து நான் கண்டதில்லை. இறங்கும்போது செல்வராஜ் என் காதோடு சொன்னார்: "என்னான்னு தெரியாமச் சுட்டுப்புட்டு, அப்புறம் கையில வச்சுக்கிட்டு அதுக்குப் பேரு தேடக் கூடாது, அண்ணே."

பின்ஸ்பரி பார்க்

சீசனின் கடைசிச் சனிக்கிழமை. படகில் றொன், செல்வராஜ், பெஸ், நான். காலை தெளிவாக இருந்தது. திரும்ப வெளிக்கிட்டபோது தண்ணீர் வற்றத் தொடங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து மூடுபனி இறங்கியது. படகின் முன்னால் நின்ற நாயின் வால் தெரிந்தது, தலை தெரியவில்லை. இயந்திரத்தைப் போட்டால் சேற்றில் சிக்கும். கோலை ஊன்றினேன். றொன் இரண்டு கையையும் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு பின்னால் இருந்தார். ஒரு சொல் இல்லை. இன்றைக்குத்தான் சோதனை என்று விளங்கியது.

கிரீன் பார்க், ஒக்ஸ்போர்ட் சேர்க்கஸ், வாரன் ஸ்ட்ரீட். பயத்தில் நான் சத்தமாகச் சொல்லிக்கொண்டு தள்ளியிருக்கிறேன் போல. "அண்ணே, விக்டோரியாலயே என்னை எறக்கி விட்டிருந்தா சட்டன் ட்ரெயினைப் பிடிச்சிருப்பேன்" என்றார் செல்வராஜ். யூஸ்டன், கிங்ஸ் குரோஸ், ஹைபரி. தண்ணீர் என் கோலில் விரல் விரலாக இறங்கிக்கொண்டிருந்தது. பின்ஸ்பரி பார்க்கில் வாய்க்கால் பிரிந்தது; இரண்டு பக்கமும் ஒரே வெள்ளை. "தப்பா மாறினா பிக்காடிலி லைனு" என்றார் செல்வராஜ், இந்த முறை சிரிக்காமல். வலப்பக்கம் கோலை இறக்கினேன். வெறும் களி, மெத்தை மாதிரி. இழுத்தெடுத்து இடப்பக்கம் இறக்கினேன். அங்கேயும் களி. றொன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அணையிலிருந்து பார்த்த சேற்றை நினைத்தேன்: இடது வாய்க்காலின் வாசலில், கொஞ்சம் உள்ளே, வெள்ளையாக ஒரு சிப்பித் திட்டு. இடப்பக்கமே ஒரு படகு நீளம் உள்ளே போய் மறுபடி ஊன்றினேன். கோலின் நுனியில் ஏதோ நறநறவென்று நொறுங்கியது. ஓட்டுத்துண்டை மிதித்த மாதிரிச் சத்தம். அந்தச் சத்தத்தை இன்றும் எந்தப் பாட்டுக்கும் மாற்றமாட்டேன்.

செவன் சிஸ்டர்ஸ், டொட்டன்ஹாம் ஹேல், பிளாக்ஹோர்ஸ் ரோட். படகின் மூக்கு துறையில் முட்டியபோது கீழே ஒரு சாண் தண்ணீர்தான் மிச்சம். றொன் மெதுவாக இறங்கி, கயிற்றைக் கட்டி, கோலை என்னிடமிருந்து வாங்கித் துடைத்து, திரும்ப என் கையிலேயே தந்தார். வீட்டுக்குக் கொண்டுபோ, அடுத்த செப்டெம்பரில் கொண்டுவா என்றார். எனக்கு ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. நான் பிழையான பக்கம் திரும்பியிருந்தால் சொல்லியிருப்பீர்களா என்றேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "கட்டாயம் சொல்லியிருப்பன், கென்," என்றார், "அந்தப் பனிக்குள்ள எனக்கு வழி தெரிஞ்சிருந்தால்."

அத்தனை குளிர்காலம் வேட்டையில் இருந்தும் ஒரு வாத்தைக்கூடச் சுடாத எனக்கு அந்தத் தொழிலில் மிஞ்சியது, ரயில் பின்ஸ்பரி பார்க்கில் நிற்கும்போதெல்லாம் காலடியில் சிப்பி நொறுங்குகிறதா என்று காது கொடுக்கிற பழக்கம் ஒன்றுதான்.