தளத்துக்கு ஒன்பது

பரிசோதனைக் கூடத்தில் அவளை 'உடைக்கிற அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கே கான்கிரீட் போட்டாலும் அதில் கொஞ்சம் எடுத்து இரும்பு அச்சில் கட்டியாக்கி, தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து, இருபத்தெட்டாம் நாள் இயந்திரத்தில் வைத்து நசுக்குவாள். எந்த எண்ணில் உடைகிறதோ அதுதான் கலவையின் பலம். அக்கா முறைத்தாலே கட்டி விரிசல் விடும் என்று கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டல் செய்வார்கள்.

புருஷன் கட்டட மேற்பார்வையாளர். கட்டி கொடுக்க வந்த இடத்தில் மனசையும் கொடுத்துவிட்டுப் போனவர். சொந்த வீடு கட்டியபோது மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பெண்டாட்டி உடைக்க வேண்டுமே என்று, எதைக் கொட்டினாலும் அதில் கட்டி எடுத்து, ஈரத்திலேயே ஆணியால் எழுத்துக் கீறிவைத்தார்.

முதலில் வந்த மூன்றில் 'த' என்று இருந்தது. தளம். மாடிக்குத் தளம் போட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. குறைந்தது இருபது வரவேண்டும். மூன்றுமே ஒன்பதில் பொலபொலவென்று உதிர்ந்தன. கலவை இளகட்டும் என்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினால்தான் இப்படி வரும்.

"தளத்துக் கட்டி ஒன்பதுலயே உடைஞ்சுபோச்சு" என்றாள் அன்று சாயங்காலம்.

அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சிரித்தார். "தளத்துக்கு ஒன்பது போதாதா மா? யானையா நடக்கப் போகுது?"

தலைக்கு மேல் இருப்பதைப் பற்றி இப்படிச் சிரிக்கிறாரே! மூன்று நாள் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வாரம் இன்னொரு கட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, இது எப்படி என்று பார்க்கச் சொன்னார். அதில் 'மா' என்று கீறியிருந்தது. அவர் அவளைக் கூப்பிடுவதே அப்படித்தான். சமாதானத்துக்கு வந்திருக்கிறார் என்று உருகிப்போனாள். அதைப் போய் உடைப்பாளா? படுக்கையறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். அவர் கேட்டபோது, கெட்டியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவைத்தாள்.

பயம் மட்டும் போகவில்லை. மாடியில் மகனைக் குதிக்க விடமாட்டாள். அறை நடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே அவர் படுப்பார். அவள் கட்டிலைச் சுவரோரம் போட்டு வேர்த்துக் கொட்டக் கிடப்பாள். "இப்படி வா மா, காத்து வருது" என்பார். இருபத்திரண்டு வருஷம் கூப்பிட்டார். அவள் போகவில்லை. பிறகு அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது மகன் மேலே இரண்டு அறை கட்ட வேண்டும் என்றான். மாடி தாங்காது என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவன் இஞ்சினியரைக் கூட்டிவந்து, மாடித் தளத்திலேயே உருளை உருளையாகத் துளைத்தெடுத்து அவள் கூடத்துக்கே அனுப்பினான். அவளே உடைத்தாள். முதல் உருளை முப்பத்தொன்று. இயந்திரத்தைச் சரிபார்த்துவிட்டு அடுத்ததை வைத்தாள். அதுவும் முப்பதைத் தாண்டியது.

அவரிடம் வேலை பார்த்த கொத்தனாருக்குப் போன் போட்டு, அன்று தளத்துக் கட்டி ஒன்பதில் உடைந்ததைச் சொன்னாள்.

"அண்ணன் தளம்னு சொல்றது கீழ தரைக்குப் போட்டதை. அதுக்கு ஒன்பதே தாராளம்" என்றார் அவர். "மேல போட்டதை மாடின்னுதான் சொல்லுவாரு. அந்தக் கட்டியில 'மா'னு கீறினாரே, நீங்க பாக்கலையா?"

பார்த்தாள். தினமும்தான் பார்த்தாள்.

மத்தியானமே லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். கதவுக்கு முட்டாக இருந்த கட்டியைத் துடைத்து வைத்தாள். சுவரோரத்துக் கட்டிலைத் தனியாளாக இழுத்து அறை நடுவில் போட்டாள். மின்விசிறியைச் சுழலவிட்டு, மாடியைப் பார்த்து மல்லாந்து படுத்தாள்.

"காத்து நல்லாத்தாங்க வருது" என்று சொல்லிவிட்டு அழுதாள்.