ஆட்டுக்குட்டியை மட்டும் உள்ளே விட்டார்கள்

பென்னாகரம் பக்கம் எங்கள் சர்ச்சில் போன கிறிஸ்துமஸ் அன்று நடந்தது இது. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

காலை ஆராதனை முடிந்ததும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நாடகம். மேய்ப்பர் காட்சிக்கு நிஜ ஆட்டுக்குட்டி வேண்டுமென்று, ஆடு மேய்க்கும் மாதம்மா அக்காவிடம் நான்தான் கேட்டிருந்தேன். அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

"குட்டி பயந்துக்கும் டீச்சர், நானும் உள்ள வர்றனுங்க."

வாசலில் சர்ச் கமிட்டிக்காரர் ஒருவர் குட்டியை வாங்கிக்கொண்டு அக்காவைத் தடுத்தார். "ஆட்டு நாத்தம் அடிக்குது. நீ வெளியவே நில்லும்மா."

குட்டி மேல் மட்டும் மல்லிகைப்பூ வாசமா அடித்தது?

மேடையில் சாட்டின் அங்கி போட்ட மேய்ப்பர்கள் நின்றார்கள். தேவதூதன் வாயைத் திறந்ததுமே குட்டி கத்திக்கொண்டு குதித்து, வாசலில் நின்ற அக்காவிடம் ஓடியது. எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இயேசு பொறந்த சேதி முதல்ல யாருக்குங்க வந்துச்சு? மேய்ப்பருக்கா, கமிட்டிக்கா?" என்று சபை நடுவிலேயே கேட்டேன். அக்கா குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

தொழுவத்தில் பிறந்த அந்தப் பிள்ளை மேலும் அதே நாற்றம்தானே அடித்திருக்கும்? அன்று இயேசுவே வந்திருந்தாலும் வாசலில்தான் நிறுத்தியிருப்போம்.