கவிழ்ந்த வாளியும் நோன்புக் கஞ்சியும்

பள்ளிவாசல் கஞ்சி இப்போது பொலித்தீன் பையில் வருகிறது. நேற்றுப் பின்னேரம் மகன் கொண்டுவந்து மேசையில் வைத்ததும் இஞ்சியும் ரம்பை இலையும் கலந்த மணம் எழுந்தது. நான் வழக்கம்போல் பையில் ஓட்டை இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன். எனக்கு எதிலும் சந்தேகம்தான். கல்முனைச் சந்தையில் நான் வருவதைக் கண்டாலே மீன்காரர்களுக்கு முகம் சுருங்கும்.

உயர்தர வகுப்பில் பௌதிகம் படித்தபோது அந்தச் சந்தேகம் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது. நிலைக்குத்து வட்ட இயக்கம். நீர் நிரம்பிய வாளியைத் தலைக்கு மேலாகச் சுற்றினால், உச்சியில் அடித்தட்டு நீரைக் கீழ்நோக்கித் தள்ளுமாம்; அதுதான் செவ்வன் மறுதாக்கமாம். பாரமும் கீழே, தள்ளுவதும் கீழே, நீர் மட்டும் விழாதாம். படிப்பித்த சேர் கரும்பலகையில் அம்புக்குறியைத் தலைகீழாகக் கீறிவிட்டார் என்றே நம்பினேன். தவணைப் பரீட்சையில் கோட்டைவிட்டால் கலைப்பிரிவுக்கு மாற்றிவிடுவேன் என்று வாப்பா சொல்லியிருந்தார்.

மாமி மகள் ஷிபானாவும் என் வகுப்புத்தான், பக்கத்து வளவு. அவளுக்கு எல்லாம் விளங்கியது. அதிலும் எனக்குச் சந்தேகம்.

"பாடமாக்கி வெச்சிக்கிட்டுக் கதைக்காத புள்ள," என்றேன்.

அவள் எங்கள் குசினிக்குள் போய்க் கஞ்சி வாளியோடு முற்றத்துக்கு வந்தாள். எங்கள் வீட்டார் அத்தனை பேரும் நோன்பு துறக்க இருந்த கஞ்சி. பள்ளியில் பாங்கு ஒலிக்கக் கொஞ்ச நேரமே இருந்தது.

"கொட்டினா?"

"சுத்தினாக் கொட்டாது. பாத்துக்கிட்டு நில்லு."

சுற்றினாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"கஞ்சி தடிப்பு. அதான் ஒட்டிக்கிட்டு இரிக்கி," என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த சுற்றில் கை மெதுவானது. உச்சியில் வாளி தயங்கியது. கஞ்சி முழுவதும் அவள் தலையில் கொட்டியது. நல்ல காலம், ஆறியிருந்தது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வேகமாகப் போகும் கஞ்சியை வளைத்துத் திருப்ப அதன் பாரம் மட்டும் போதாது, வாளியின் அடித்தட்டும் சேர்ந்து தள்ளவேண்டும். வேகம் குறையக் குறையத் தட்டுக்கு வேலையும் குறையும். அது தள்ளுவதை நிறுத்திய பிறகும் வேகம் குறைந்தால் கஞ்சி தன்பாட்டில் விழும்.

உம்மா ஓடிவந்தார்.

"கை வழுக்கிட்டு மாமி," என்றாள் ஷிபானா. ஏச்சு முழுவதும் அவளுக்கு. நாங்கள் ஈச்சம்பழமும் பிளேன்டீயுமாக நோன்பு துறந்தோம்.

பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. இன்று நான் பௌதிகம் படிப்பிக்கிறேன். வாளியும் இல்லை, முற்றத்தில் மதில் எழும்பிவிட்டது. ஷிபானா அக்கரைப்பற்றில் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். அவள் கை வழுக்கவேயில்லை என்பதுதான் என்னுடைய தீராத சந்தேகம். நேற்று அவளுக்குப் போன் எடுத்து நேராகவே கேட்டேன்.

"எந்தக் கஞ்சி புள்ள?" என்றாள்.

நான் நம்பவில்லை.