சமையலறை அலமாரிக்கு ஸ்பிரே அடித்த வருஷம்

என் வீட்டுக்காரருக்கு டிசம்பர் பிறந்தால் கை அரிக்கும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் எதற்காவது பெயிண்ட் அடித்தே ஆகவேண்டும். லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இதே வியாதிதான். நட்சத்திரம் கட்டுவதற்கு முன்பே தெருவெல்லாம் டர்பென்டைன் வாசனை அடிக்கும். மற்றவர்கள் வாசல் கேட்டோடும் ஜன்னல் கம்பியோடும் நிறுத்திக்கொள்வார்கள். இவர் நேராகச் சமையலறைக்குள் வந்து, மேல் அலமாரிகளுக்குப் பச்சை எனாமலை அப்புவார். துடைக்க மாட்டார், தேய்க்க மாட்டார். போன வருஷத்துப் பச்சையின் மேல் ஒரு வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு. அதன் மேல் இந்த வருஷத்துப் பச்சை. அடித்து முடித்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்று, "எப்படி, புதுசு மாதிரி இருக்கா?" என்று கேட்பார். நல்லா இருக்குங்க என்று சொல்லிவிட்டு நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். கதவைத் தொட்டால் விரல் ஒட்டும். அந்தப் பிசுபிசுப்பு நாள் முழுக்கக் கையில் இருப்பது போலவே தோன்றும்.

அந்த அலமாரிக்கு நேர் கீழேதான் நான் கேக் கலக்குவேன். எங்கள் சர்ச்சில் பல குடும்பங்களுக்குக் கிறிஸ்துமஸ் கேக் என்றால் அது என் கேக்தான். ஆகஸ்டிலேயே திராட்சை, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றையும் நறுக்கி ரம்மில் ஊறப்போட்டுவிடுவேன். இன்னாருக்கு இத்தனை என்று அப்போதே சொல்லிவைத்துவிடுவார்கள். எனக்கென்று சம்பாத்தியம் அது ஒன்றுதான். அதைவிட, எனக்கென்று இருந்த பெயரும் அது ஒன்றுதான்.

போன கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, பாடகர் குழுவில் இருக்கும் அக்கா ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். நாங்கள் எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுபவர். கணவர் இல்லை, வயதில் எனக்குப் பத்து வருஷமாவது மூத்தவர். வாசலில் நின்றபடியே ஒரு டிஷ்யூ காகிதத்தை என் கையில் வைத்தார்.

"கேக்ல இருந்துச்சும்மா. பல்லுல மாட்டிச்சு. பாத்துக்கோ" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உட்காராமலே போய்விட்டார்.

பிரித்துப் பார்த்தேன். நகம் அளவுக்குப் பச்சையாக ஒரு துணுக்கு. ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் பழுப்பாகப் பிசுக்கு. இதை அக்கா வாயில் போட்டு மென்றிருக்கிறார். இவரிடம் காட்டினேன். விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "டூட்டி ஃப்ரூட்டி" என்றார்.

"நான் பச்சை டூட்டி ஃப்ரூட்டியே போடறதில்லீங்க."

"அப்ப மளிகைக்காரன் கலந்து குடுத்திருப்பான். என் பெயிண்ட் உரியாது. ஃபேக்டரில முப்பது வருஷம் பெயிண்ட் ஷாப் பக்கத்துலயே வேலை செஞ்சவன் நான்."

பெயிண்ட் ஷாப்பின் பக்கத்தில் வேலை செய்தாராம். ஆஸ்பத்திரி பக்கத்தில் குடியிருந்தால் ஆபரேஷன் செய்யலாம் போலிருக்கிறது.

அதற்கு அடுத்த ஆகஸ்டில், அதாவது இந்த வருஷம், ஒருத்தரும் கேக்குக்குச் சொல்லவில்லை. நான் பழக்கதோஷத்தில் இரண்டு ஜாடி நிறையப் பழம் ஊறப்போட்டு உட்கார்ந்திருந்தேன். சர்ச் முடிந்து வெளியே வந்தால் பெண்கள் சங்கத்துக்காரர்கள் வெயிலைப் பற்றிப் பேசினார்கள், தண்ணீர் லாரியைப் பற்றிப் பேசினார்கள், கேக்கைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஒருத்தி மட்டும் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, "இந்த வருஷம் ரெஸ்ட் எடுங்களேன்" என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. மெதுவாகப் பேசும் அந்த அக்கா, எல்லோர் காதிலும் மெதுவாகப் போட்டிருக்கிறார். அன்றிலிருந்து அவர் போன் செய்தால் நான் எடுப்பதில்லை. ஆராதனையில் அவர் பாடும்போது பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்குவதில்லை. இத்தனை நல்ல குரலை வைத்துக்கொண்டு இப்படி ஒரு வேலை செய்ய எப்படி மனசு வந்தது என்று அருவருப்பாக இருந்தது.

நவம்பரில் காட்டேஜ் பிரேயர் எங்கள் வீட்டு முறை. சர்ச்சில் மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் செய்வோம். ஜெபம் ஹாலில் நடக்கும். ஆமென் சொன்னதும் பெண்கள் எல்லோரும், "குடுங்க, நான் எடுத்துட்டுப் போறேன்" என்று உதவி செய்கிற சாக்கில் சமையலறைக்குள் நுழைந்துவிடுவார்கள். எந்த வீட்டுச் சிங்க் எப்படி இருக்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இந்த முறை அவர்கள் உள்ளே வந்து பார்த்து வாயை மூடிக்கொள்ளவேண்டும் என்று முடிவு செய்தேன். கடையில் வாங்கும் எனாமலும் பிரஷும் இனி வேண்டாம். கார்களுக்கு அடிப்பது போல ஸ்பிரே அடித்து, தேய்த்தாலும் உரியாத பெயிண்ட் வேண்டும்.

கம்மனஹள்ளி மெயின் ரோட்டில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். கண்ணாடி வைத்த கதவு, உள்ளே ஏ.சி., சமையலே நடக்காத சமையலறைகள். அங்கிருந்த இளைஞன் இரண்டு வகை காட்டினான். ஒன்று டியூகோ, சீக்கிரம் காய்ந்துவிடும், விலை குறைவு. இன்னொன்று பி.யூ.; அதில் ஹார்டனர் கலந்து அடிக்கவேண்டும், நன்றாக இறுக ஒரு வாரம் ஆகும், ஆனால் எது கொட்டினாலும் இளகாமல் வருஷக்கணக்கில் நிற்கும்.

"பி.யூ. எடுத்துக்கோங்க மேடம். ஏனு தொந்தரே இல்லா, ஒரு தொந்தரவும் வராது. உங்க பேத்திக்குக் கல்யாணம் ஆகறவரைக்கும் அப்படியே இருக்கும்" என்றான்.

எங்களுக்குப் பேத்தியே இல்லை. அவன் விலையைக் கொஞ்சம் இறக்கியதும் இவருக்கு வாயெல்லாம் பல். நான் இரண்டு சாம்பிள் பலகைகளையும் வீட்டுக்குக் கேட்டேன். முனகிக்கொண்டே தந்தான்.

வீட்டில் என் சமையலறை என்ன பாடு படுத்துமோ அதையெல்லாம் அந்தப் பலகைகள் மேல் செய்தேன். மஞ்சள் தண்ணீரைத் தேய்த்தேன், சூடான எண்ணெயைச் சொட்டினேன். பழம் ஊறும் ஜாடியிலிருந்து பலகைக்கு ஒரு கரண்டி ரம்மை ஊற்றி, காயாமல் இருக்க மேலே ஆளுக்கொரு கிண்ணமாகக் கவிழ்த்து வைத்தேன். என் அலமாரியில் வருஷா வருஷம் வழிவது அதுதான். மறுநாள் காலையில் கிண்ணங்களை எடுத்தால், இரண்டு பலகையிலுமே வட்டமாக வெளுத்து, வழவழவென்று இளகியிருந்தது. நகத்தால் கீறினேன், கூழாக வந்தது. டியூகோ என்றவன் டியூகோவைத்தான் தந்திருக்கிறான். பி.யூ. என்று தந்ததும் அதுவேதான். ஒரே சரக்குக்கு இரண்டு விலை. நகத்துக்குள் போன அந்த வெள்ளைக் கூழை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

இவரோடு மறுபடி ஷோரூமுக்குப் போய், பலகைகளை அந்த இளைஞனின் மேஜைமேல் வைத்தேன். அவனுக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை.

"யாரு மேடம் ரம் ஊத்தி டெஸ்ட் பண்ணுவாங்க? லுக் எல்லாம் பி.யூ. மாதிரியேதான் இருக்கும்."

"கிறிஸ்துமஸுக்குக் கேக் செய்யறவங்க பண்ணுவாங்க" என்றேன். இவர் என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்தார். ரம் என்ற வார்த்தையைக் கேட்டுப் பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் என்னை ஏற இறங்கப் பார்த்தது.

பிறகு ஹென்னூர் ரோட்டுப் பக்கம், மரக்கடைகளுக்குப் பின்னால் ஒரு ஸ்பிரே ஷெட்டைப் பிடித்தோம். அழகான ஷோரூம் எல்லாம் இல்லை. தகரக் கூரை, உள்ளே தூசி வராமல் பிளாஸ்டிக் கட்டிய ஒரு அறை. இந்த முறை நான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு நின்றேன். பெயிண்ட் டப்பாவும் ஹார்டனர் டப்பாவும் என் முன்னால் திறந்து கலக்கப்படவேண்டும். அடித்துக் காய்ந்த துண்டைத்தான் நான் சோதிப்பேன் என்றேன். ஷெட்காரன் சிரித்துக்கொண்டே சம்மதித்தான். ஒரு வாரம் கழித்து அவன் தந்த துண்டின் மேல் ரம் ஒரு ராத்திரி முழுக்க நின்றும் ஒன்றும் ஆகவில்லை. நிறம், யானைத் தந்த வெள்ளை. முழுப் பளபளப்பும் வேண்டாம், அதில் ஒவ்வொரு விரல் தடமும் தெரியும். மினுக்கமே இல்லாத மேட் பூச்சும் வேண்டாம், அது எண்ணெயைக் குடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் லேசான மினுமினுப்பு.

கடைசியாக ஒரு சண்டை மிச்சம் இருந்தது. உள்ளேயும் அடிக்கவேண்டும் என்றேன்.

"உள்ள எதுக்கு? வெளிய மட்டும் அடிச்சாப் போதும். உள்ள யாரு பாக்கப் போறாங்க?" என்றார் இவர்.

"நான் பாப்பேன்."

அலமாரிகளைக் கழற்ற ஷெட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முதல் பெட்டியைச் சுவரிலிருந்து இறக்கியதும் இவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். பின்பக்கம் முழுக்கக் கறுப்பாகத் தார் போல எண்ணெய் உறைந்திருந்தது. அதில் பல்லி முட்டை ஓடுகள், முடி, கரப்பான் எச்சம். அதுகூடப் பரவாயில்லை. கதவின் கீலை ஒட்டிய மூலையில் பச்சைப் பெயிண்டுக்குள்ளேயே புடைப்பு புடைப்பாக என்னவோ இருந்தது. வந்தவன் உளியால் தட்டினான். கரப்பான் முட்டைக் கூடுகள். ஒரு மூலையில் முழுக் கரப்பான் ஒன்று, மீசையோடும் காலோடும், பச்சை அடிக்கப்பட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. இவர் அதையும் சேர்த்துத்தான் அடித்திருக்கிறார். உளி பட்ட இடத்திலெல்லாம் பச்சைச் சில்லுகள் பொலபொலவென்று கேக் கலக்கும் மேடைமேல் உதிர்ந்தன.

"டூட்டி ஃப்ரூட்டி" என்றேன்.

இவர் துடைப்பத்தைத் தேடிப் போனார். இந்த அலமாரியிலிருந்து எடுத்த தட்டில்தான் சாப்பிட்டோம். இதன் கீழே கலக்கிய கேக்கைத்தான் ரிப்பன் கட்டி, ஊரெல்லாம் கொடுத்தேன். இரண்டு நாள் வெளியில் வாங்கிய இட்லியைக்கூட முழுதாகச் சாப்பிட முடியவில்லை. அந்த அக்கா மேல் கோபம் போகவில்லை, ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை என்று தெரிந்துவிட்டது.

காட்டேஜ் பிரேயருக்கு முன் அலமாரிகள் திரும்பி வந்து மாட்டியாகிவிட்டது. பெயிண்ட் இறுகிவிட்டது, வாசனையும் அடங்கிவிட்டது. பாஸ்டர் ஜெபத்தை முடித்து ஆமென் சொன்னதும், நான் எதிர்பார்த்தது போலவே பெண்கள் சமையலறைக்குள் நுழைந்தார்கள். கதவுகளைத் தடவிப் பார்த்தார்கள். எவ்வளவு ஆச்சு, எங்கே செய்தது, மஞ்சள் கறை பிடிக்குமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒருத்தி கன்னத்தைக்கூட வைத்துப் பார்த்தாள். ஒரு கதவையாவது ஒருத்தர் திறக்கவேண்டுமே. இல்லை. வெளிப்பூச்சைத் தடவியே அவர்களுக்கு மனசு நிறைந்துவிட்டது. கரப்பானுக்கு மேல் பச்சை அடித்தவருக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அக்கா கடைசியாக வந்து ஓரமாக நின்றார். நான் அவர் கையைப் பிடித்து அலமாரியின் முன்னால் நிறுத்தி, இரண்டு கதவையும் விரியத் திறந்தேன்.

"உள்ள பாருங்கக்கா."

"எதுக்கும்மா, நல்லாத்தான் இருக்கு."

"இல்ல, நல்லாப் பாருங்க. மூலை எல்லாம் பாருங்க."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எக்கி, ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார். மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சுத்தமா இருக்கும்மா. நான் ரெண்டு கேக் சொல்லணும்னு ஆகஸ்ட்லேருந்து போன் பண்றேன். நீதான் எடுக்கல."

ஆனாலும் நான் விடவில்லை. "போன வருஷம் நடந்ததை எல்லார்கிட்டயும் சொன்னீங்கல்ல, இதையும் சொல்லுங்கக்கா" என்றேன்.

"நானா?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் ஒருத்தர்கிட்டயும் வாய் தெறக்கல. உங்க வீட்டுக்காரர்தான்மா. சர்ச் முடிஞ்சதும் ஒவ்வொருத்தரா நிறுத்தி, எங்க வீட்டுக் கேக்ல இருந்தது பெயிண்ட் இல்ல, டூட்டி ஃப்ரூட்டின்னு விளக்கம் சொல்லிட்டிருந்தார். எதுவுமே தெரியாதவங்ககிட்டகூட. வேணாம்னு நானே ரெண்டு தடவ சொல்லிப் பார்த்தேன்."

நான் மற்றவர்களைப் பார்த்தேன். ஒருத்தி சிங்க்கைப் பார்த்தாள், ஒருத்தி தன் வளையலைப் பார்த்தாள். இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அந்த அமைதியில் ஹாலிலிருந்து இவருடைய குரல் கணீரென்று கேட்டது.

"சாதாரண பெயிண்ட் இல்ல பாஸ்டர், பி.யூ. பழசைக் கழட்டினப்ப நீங்க பாத்திருக்கணும். உள்ள என்னென்ன இருந்துச்சு தெரியுமா..."

மேடையிலிருந்த டீத் தட்டை அக்கா கையில் கொடுத்துவிட்டு நான் ஹாலுக்கு ஓடினேன்.