உள்நாக்கு தூக்கிய காலை

காலை ஏழேகாலுக்கு என் மகள் பால் டம்ளரைத் தள்ளி வைத்தாள். எங்கள் வீடு மத்திகிரி மாட்டுப் பண்ணைக் குடியிருப்பில். பால் வேண்டாம் என்று சொன்ன பிள்ளையை அங்கே நான் பார்த்ததில்லை. "முழுங்க முடியலம்மா" என்றாள். உடம்பு லேசாகத்தான் சுட்டது. வயது போன பிறகு எங்களுக்குப் பிறந்த ஒரே குழந்தை. அவள் தும்மினாலே எழுந்து உட்காருகிறவள் நான். அன்று ஏனோ பயம் வரவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "உள்நாக்கு விழுந்திருக்கும்க்கா. பேரிகை அம்மா வந்திருக்குது, தூக்கிவிடச் சொல்லுங்க."

பேரிகையிலிருந்து வரும் அந்த அம்மாள் தெலுங்கு கலந்த தமிழ் பேசுவார். கட்டைவிரலில் உப்பும் மிளகுத்தூளும் தொட்டுப் பிள்ளைகளின் தொண்டைக்குள் விட்டு, உள்நாக்கை மேலே அழுத்துவார். எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் அவர்தான். என் மகளுக்கு அழுத்தியபோது முகத்தைச் சுளித்தார். "ஏமம்மா, வாய் இப்படி நாறுது?" விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

அதற்குள் கிணற்றடியில் மற்ற பிள்ளைகளும் வரிசையாக நின்றுவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பையன் திமிறினான். "எனக்குத்தான் வலிக்கலையே!"

"வலி வர்றதுக்கு முன்னயே தூக்கிட்டா வராதுடா. தொற வாய. சோத்துக்கு மட்டும் நல்லாத் தொறக்குற" என்றாள் அவன் அம்மா. எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

மதியம் நர்ஸம்மா வந்தார். அம்மை குத்தவும் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கவும் அவ்வப்போது வருகிறவர். என் வீட்டுப் படியில் கால் வைத்ததும் நின்றுவிட்டார். மூக்கை உறிஞ்சினார். மகளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்தினார். நானும் குனிந்து பார்த்தேன். தொண்டையின் இருபுறமும் சாம்பல் நிறத்தில் ஒரு தோல், பாலில் ஆடை படிந்தது போல.

"தொண்டை அடைப்பான்" என்றார்.

சாப்பிட வந்திருந்த என் கணவர் பண்ணையில் தீவனக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவர். "அது எருமைக்கு வர்றதில்லீங்களா?" என்றார். காலையில் மேய்ந்த எருமை சாயங்காலத்துக்குள் சாய்ந்ததை அவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார்.

"பேரு ஒண்ணு, நோய் வேறங்க. இதுக்கு ஊசி இருக்குது. ஓசூர்ல இல்ல, பெங்களூருக்குத்தான் போவணும்." பண்ணை லாரியைக் கேட்டு வாங்கித் தானே ஏறிக்கொண்டார். "பாப்பாவ லாரில வெச்சுக் குலுக்கக் கூடாது, நெஞ்சு தாங்காது. நடக்கவும் விடாதீங்க. டம்ளரத் தனியா வைங்க. யாரையும் உள்ள விடாதீங்க."

விடுவதற்கு யாரும் வரவில்லை. கதவுகள் சாத்திக்கொண்டன. மகளின் மூச்சு மரம் அறுப்பது போலக் கேட்டது. கழுத்து வீங்கி, முகமே மாறிப்போயிற்று. வெளியே பிள்ளைகள் புது விளையாட்டு ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். "அடுத்து யாரு? வாயத் தொற!" ஒருவன் விரல் இன்னொருத்தி வாய்க்குள். அப்போது அது எனக்கு வெறும் இரைச்சல். இன்று பிள்ளைகள் வாய் திறந்து சிரித்தாலே என் கண் தொண்டைக்குள் போகிறது.

விளக்கு வைக்கும் நேரத்தில் லாரி திரும்பியது. ஓசூர் டாக்டரையும் நர்ஸம்மா கையோடு ஏற்றி வந்திருந்தார். மரத்தூளும் ஐஸும் அடைத்த டப்பாவிலிருந்து மருந்தை எடுத்து டாக்டர் ஊசி போட்டார். "நேரத்துக்கு வந்துட்டோம். பொழைச்சுக்குவா" என்றார். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

நர்ஸம்மா என்னைப் பார்க்கவில்லை. காலையில் மகள் வாய் துடைத்த துணியைக் கையில் எடுத்திருந்தார். அதில் கறுப்புப் பொடி.

"இது மிளகுதானே?"

நடந்ததைச் சொன்னேன்.

"வெரலக் கழுவுனாங்களா?"

முந்தானையைப் பற்றிச் சொன்னேன். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். கிணற்றடியில் பிள்ளைகளின் சத்தம் இன்னும் ஓயவில்லை.

"அழுவறத அப்புறம் வெச்சுக்கலாம்மா. இவளுக்கு அடுத்து யாரு வாயத் தொறந்தாங்க? மொதல்ல அந்த வீட்டக் காட்டுங்க."