வடகம் தாளித்த ஞாயிறுகள்

எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கடுகு இருக்க வேண்டிய கிண்ணத்தில் பல வருஷமாக ஊசியும் நூலும் சட்டைப் பித்தான்களும்தான் கிடந்தன. வீட்டுக்கு வந்த பெண்கள் யாராவது அதைத் திறந்துவிட்டால், இன்னாமா இது, கடுகு எங்க என்று கேட்பார்கள். கடுகு இல்லாத வீடு நம் ஜனங்களுக்கு வீடே இல்லை. எனக்கோ கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இங்கே தாளிக்கிறது இல்லை என்று வெடுக்கென்று சொல்லிப் பெட்டியை மூடி வைத்துவிடுவேன்.

என் வீட்டுக்காரர் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைக்கும் கூட்டத்தில் இருந்தவர். சுரங்கத்தை மூடினார்கள், வேலை போனது. கல்தூசி மட்டும் அவர் நெஞ்சை விட்டுப் போகவில்லை. முதலில் படியேறினால் இளைத்தது. பிறகு சும்மா நடந்தாலே இளைத்தது. அப்போதும் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, இந்த ஊரில் இருமாத ஆம்பளை யார் இருக்கிறார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரசத்துக்குத் தாளித்தேன். நாலு காய்ந்த மிளகாய், அவ்வளவுதான். முன்னறையில் அவருக்கு இருமல் பிடித்தது. பிடித்த இருமல் விடவில்லை. நான் கரண்டியோடு ஓடி வந்து பார்த்தால் ஆள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், உதடு நீலம் பாரித்திருக்கிறது, மூச்சு உள்ளே போகவில்லை. வெளியே இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்து முதுகைத் தேய்த்தேன். மூச்சு திரும்ப வருவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஊதுவத்தி, சாம்பிராணி, கொசுவத்தி, தாளிப்பு, எந்தப் புகையும் இந்த நெஞ்சுக்கு ஆகாது, இன்னொரு தடவை இப்படி வந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கே கடுகைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். இனிமேல் இந்த வீட்டில் தாளிப்பு இல்லை என்று அவர் எதிரிலேயே சாமி படத்தின் மேல் சத்தியமும் செய்தேன்.

பின்பக்கம் வைத்துத் தாளிக்கலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. ஸ்கெலட்டன் குடியிருப்பில், சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். ஒரு முன்னறை, ஒரு சமையலறை, அதற்குப் பின்னால் கைப்பிடி இடம். காற்று பின்பக்கமிருந்து நுழைந்து வீடு முழுக்க நடந்து வாசல் வழியாகத் தெருவுக்குப் போகும். பின்னால் நின்று பீடி குடித்தால்கூட முன்னறையில் மணக்கும். செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மகளை ஓசூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நான் பெங்களூரில் துணி தைக்கும் கம்பெனிக்கு விடிகாலை ரயிலில் போய், இருட்டிய பிறகு பங்காருபேட்டை தாண்டி வீடு வந்து சேர்கிறவள். வாரத்தில் ஆறு நாள் சமையல் அவருடையது. பருப்பை வேக வைப்பார், அதிலேயே தக்காளியும் புளியும் உப்பும் போடுவார், இறக்கி வைத்துப் பச்சை வெங்காயத்தை அரிந்து தூவி, மேலே ஒரு சொட்டுப் பச்சை எண்ணெய் விடுவார். நல்லாத்தான் இருக்கும். இல்லை, பொய் சொல்வானேன், ஆறு மாசம் நல்லாத்தான் இருந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு வாய்க்கும் நாக்கு எதையோ தேடிக்கொண்டிருந்தது.

தேடியது வடகத்தை. என் பிறந்த வீடு குடியாத்தம் பக்கம். கோடை வந்தால் சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம் எல்லாம் இடித்து விளக்கெண்ணெய் தொட்டுப் பிசைந்து உருட்டி வெயிலில் காய வைப்பார்கள். வருஷம் முழுக்கத் தாளிப்புக்கு அதுதான். கீரை கடைந்து அதன் தலையில் ஒரு சிட்டிகை வடகத்தைப் பொரித்துக் கொட்டினால் தெருக்கோடியில் போகிறவனுக்கும் பசி எடுக்கும். என் தங்கை வழக்கம்போல் அந்த வருஷமும் ஒரு டப்பா வடகம் அனுப்பியிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன்.

ஞாயிறு காலையில் கறி வாங்கப் போவது அவர் வேலை. நான் போகிறேன் என்றால் விட மாட்டார். உனக்கு எலும்பைக் கட்டி அனுப்பிடுவான் என்பார். மெதுவாகப் போய், வழியில் நாலு இடத்தில் நின்று, பழைய ஷிப்டு ஆட்களோடு ஒரு டீ குடித்துவிட்டு வர ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒரு ஞாயிறு அவர் தெருமுனை திரும்பியதும் என் கை தானாக அரிசிப் பானைக்குப் பின்னால் போனது.

முன்வாசல், பின்வாசல், ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்தேன். எண்ணெய் காய்ந்து வடகம் பொரிந்தது. இரண்டு மிளகாயைக் கிள்ளிப் போட்டேன். அந்த வாசனையில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மிச்சமிருந்த பழைய சோற்றில் கொட்டிப் பிசைந்து, தரையில் உட்கார்ந்து தின்றேன். மிச்சத் தாளிப்பை ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கைப்பைக்குள் வைத்தேன், வாரம் முழுக்கக் கம்பெனிச் சாப்பாட்டுக்கு. பிறகு துண்டை எடுத்துப் புகையை விரட்டினேன், தரையைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தேன், நனைத்த போர்வையை வாசலில் தொங்கவிட்டேன். அவர் வந்தார். தரை ஜில்லுன்னு கீது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இருமவில்லை.

இப்படியே எட்டு வருஷம். வாரா வாரம் சத்தியத்தை மீறினேன். அவர் வந்து உட்கார்ந்து முதல் பத்து மூச்சு விடுகிற வரைக்கும் நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். இன்றைக்கு இருமிவிட்டால்? உதடு நீலமானால்? இந்த வாரத்தோடு சரி, இனிமேல் வேண்டாம் என்று நினைத்துக்கொள்வேன். அடுத்த ஞாயிறு அவர் முனை திரும்பினால் கை மறுபடி பானைக்குப் பின்னால் போகும். நாக்கு பொல்லாதது.

அந்தக் குற்ற உணர்ச்சியில்தானோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமை மதியச் சமையலை நான் மனசு வைத்துச் செய்வேன். அரைக் கிலோ கறி, அரைத்த மசாலா எல்லாவற்றையும் பச்சையாகவே குக்கரில் கூட்டி வைத்துவிடுவேன். களி கிண்டுவது மட்டும் அவர். ஸ்டூலில் உட்கார்ந்து பானையைக் காலால் அணைத்துக்கொண்டு துடுப்பால் சுற்றுவார், நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குவார், நான் துடுப்பில் கை வைத்தால் முறைப்பார். பெரிய உருண்டை அவருக்கு, சின்னது எனக்கு. என் தட்டில் ஈரல் துண்டு இல்லாவிட்டால் அவர் தட்டிலிருந்து எடுத்து வைப்பார். சாப்பிட்டுவிட்டுப் பாயைப் போட்டுப் படுத்தால், தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய சயனைடு மண்மேட்டிலிருந்து காற்று வீசுகிற சத்தம் கேட்கும். மூன்று மணிக்கு எழுந்து டீ, அதற்கு நாலு முறுக்கு. ஆறு நாள் மிஷின் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவளுக்கு அதைவிட என்ன வேண்டும்? எனக்கு அந்த ஞாயிறுகள்தான் வாழ்க்கை.

அப்புறம் ஒரு ஞாயிறு, தூறல் போட்டுக்கொண்டிருந்தது. என் கவனம் எங்கோ இருந்ததில் வடகம் கருகிவிட்டது. விட்டுத் தொலைத்திருக்கலாம். விட்டேனா? சட்டியைத் துடைத்து இரண்டாவது தடவை வைத்தேன். மழைக்காற்று நகரவில்லை, புகை வீட்டிலேயே நின்றது. துண்டு வீசி வீசிக் கை விட்டுப் போயிற்று. மணியைப் பார்த்தேன், அவர் எப்போதும் வரும் நேரம். ஐயோ, இப்போது வந்தால் என்ன செய்வேன் என்று பதறினேன். பத்து நிமிஷம் போனது. வரவில்லை, நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன். அரை மணி போனது. புகை போய்விட்டது, அவர் மட்டும் வரவில்லை.

என் புத்தி எங்கெல்லாமோ போனது. வழியில் மூச்சு அடைத்துவிட்டதோ, மழையில் எங்கே விழுந்து கிடக்கிறாரோ. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். வெகுதூரம் ஓட வேண்டியிருக்கவில்லை. தெருமுனையில் பெட்டிக்கடைக்கு எதிரே ஒரு சின்னப் பாலம், சாக்கடையின் மேல் கட்டியது. அதன் கட்டைச் சுவரில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

பெட்டிக்கடைக்கார அம்மாதான் முதலில் பேசினாள். "வாராவாரம் இங்கதான் உக்காந்துகினு கீறாரு. உனக்குத் தெரியாதா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான். எட்டு வருஷமாக அந்தப் பூசணிக்காயை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷன். அவமானமும் கோபமும் ஒன்றாய் வந்தன. மழையில் நனைந்தால் அந்த நெஞ்சு என்னத்துக்கு ஆகும் என்று அந்தத் தெருமுனையிலேயே கத்தினேன். அவர் பாட்டுக்குக் கேட்டார்.

"இன்னா இன்னைக்கு ரெண்டு ரவுண்டு? மொத ரவுண்டு கருகிப் போச்சா?"

அங்கேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். பிறகு விவரமாகச் சொன்னார். ஆரம்பத்தில் ஒரு நாள் கறிக்கடை மூடியிருந்து சீக்கிரம் திரும்பியிருக்கிறார். முனையிலேயே வாசனை வந்திருக்கிறது. ஒவ்வொரு அடியாக முன்னால் நடந்து பார்த்திருக்கிறார். நாலாவது வீட்டருகே வந்ததும் தொண்டையில் குத்தியது, பின்னால் வந்தார், பாலத்தின் மேல் குத்தவில்லை. வெடி வைத்த லெவலில், அந்தச் சுரங்கத் தளத்தில், புகை அடங்குகிற வரைக்கும் யாரும் உள்ளே போகக் கூடாது என்பது சுரங்கத்தில் சட்டம். அவசரப்பட்டு முன்னால் போன ஒருத்தரைக் கேஜில், அந்தக் கூண்டு லிப்டில், தூக்கிப் போட்டுக்கொண்டு வந்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். தொண்டை சரியென்று சொன்னால்தான் அவர் கால் எடுத்து வைப்பார். பாலத்திலும் அதையேதான் செய்திருக்கிறார்.

"இங்க வரிக்கும் வாசன வரும். காரம் வராது. நல்லாத்தான் இருக்கும்," என்றார்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா, எட்டு வருஷம் என்னைத் திருடி மாதிரி ஒளிய விட்டீர்களே என்று கேட்டேன். அவர் கறிப் பையை என் கையில் கொடுத்தார்.

"சொன்னா நீ நிறுத்திடுவே," என்றார்.

நிறுத்தியிருப்பேன். அது உண்மை.

அதற்குப் பிறகு ஒளிவு மறைவு போயிற்று. ஞாயிறு காலையில், வெடி வைக்கப் போகிறேன், கிளம்புங்கள் என்று நானே விரட்டுவேன். கறி வாங்க நடக்க முடியாத காலம் வந்தபோதும் பாலம் வரைக்கும் வருவார். நான் தாளித்து அடுப்பை அணைத்துவிட்டு, கீரையை ஒரு கிண்ணத்திலும் களியைத் தட்டிலும் எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்காருவேன். புகைதானே ஆகாது, ஆறின வடகம் அவரை என்ன செய்யும்? எட்டு வருஷம் எங்கள் இரண்டு பேர் மூளைக்கும் இது எட்டவில்லை பாருங்கள். அப்படிக் கொண்டுபோன முதல் நாள், முதல் வாயைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் மென்றார். சத்தியத்தை மீறினவள் சமையல் நன்றாகத்தான் இருக்கிறது என்று கிண்டல் செய்தார். போகிற வருகிறவர்கள் எல்லாம், இன்னா, வீட்ல எடம் இல்லியா என்று கேட்டுக்கொண்டு போவார்கள். புகை அடங்கட்டும் என்பார் அவர். மூன்று வருஷம் அப்படிப் போனது.

அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. முதல் வருஷம் அடுப்பில் எண்ணெய்ச் சட்டியே வைக்கவில்லை. இந்த வருஷம் தங்கை மறுபடி வடகம் அனுப்பினாள். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கம்பெனிக்கு லீவு. கீரை கடைந்திருந்தேன். இனிமேல் யாருக்காக ஞாயிறு வரைக்கும் காத்திருப்பது, யாருக்காகக் கதவைத் திறந்து வைப்பது என்று ஒரு வீம்பு. கதவு சாத்தியபடி இருக்க, எண்ணெயைக் காய வைத்து, வடகத்தையும் அஞ்சாறு மிளகாயையும் போட்டேன்.

புகை குப்பென்று எழும்பியது. எனக்கு இருமல் வந்தது. கண்ணில் நீர் கொட்டியது. "ஏங்க, வெளிய போங்க, சீக்கிரம்!" என்று முன்னறையைப் பார்த்துக் கத்தினேன்.

கத்தி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அடுப்பை அணைத்தேன். இரண்டு கதவையும் திறந்துவிட்டு, நடந்து போய்ப் பாலத்தில் அவருடைய இடத்தை விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் சொன்னது சரிதான். அங்கே வரைக்கும் வாசனை வந்தது, காரம் வரவில்லை. கடைக்கார அம்மா எட்டிப் பார்த்து, இன்னா இன்னைக்கு இங்க என்று கேட்டாள். புகை அடங்கட்டும் என்றேன்.