மாமாவின் ஒன்பது மணிப் பாட்டு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். எழுத்து எனக்குப் பழக்கமில்லாத வேலை. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு லீவுக் கடிதம்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். அப்படிப்பட்டவள் இதை எழுதுவது கொஞ்சம் அதிகப்படி. வாயால் சொல்ல முடியாமல் போய்விட்டது, அதனால் எழுதுகிறேன்.

சண்டை ஓய்ந்து, இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து நாங்கள் எங்கள் ஊரான பேசாலைக்குத் திரும்பி வந்த முதல் வருடம் அது. எனக்குப் பதினொரு வயது. வீட்டில் சுவர் இருந்தது, கூரை இல்லை. நிவாரணத்தில் கிடைத்த தகரத்தை மேலே போட்டு, காற்றில் பறக்காமல் கல் வைத்திருந்தோம். அப்பாவும் மாமாவும் ஒரு பழைய பைபர் வள்ளத்தில் நண்டு வலை போட்டார்கள். மாமா அம்மாவின் ஒரே தம்பி. பின்னேரம் வலையை விட்டுவிட்டு வந்து, விடியப் போய் இழுப்பார்கள். போகும்போதும் வரும்போதும் கரையில் நேவியிடம் பாஸ் காட்டவேண்டும்.

மாமாவிடம் ஒரு சின்ன றேடியோ இருந்தது. தண்ணீர் படாமல் சொப்பின் பையில் சுற்றி, கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டுதான் கடலுக்குப் போவார். மற்ற நாட்களில் எந்தப் பாட்டென்றாலும் கேட்பார். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மட்டும் இந்தியாவின் ஒரு நிலையம்தான் வேண்டும். அதில் நேயர் விருப்பம் போகும். எங்கள் வீட்டில் வைத்தால் அந்த நிலையம் எண்ணெயில் கடுகு போட்ட மாதிரிப் பொரியும். வள்ளம் வெளியே போகப் போகத்தான் குரல் தெளியும்.

முகாமில் எங்களுக்குப் பக்கத்து அறையில் ஒரு அக்கா இருந்தார். எனக்குத் தலை இழுத்து இரட்டைப் பின்னல் போட்டுவிடுவார். நேயர் விருப்பத்துக்கு ஓயாமல் அஞ்சலட்டை போடுகிறவர். ஒரு முறை அவருடைய பெயரை வாசித்துவிட்டார்கள். தேநீர்க்கடையில் நின்ற சனம் முழுக்கக் கை தட்டியது. மாமா மற்றவர்களை விடக் கொஞ்ச நேரம் அதிகமாகத் தட்டினார்.

இரண்டு பேருக்கும் விருப்பம் என்பது முகாமுக்கே தெரியும். அக்காவின் தகப்பனுக்குத்தான் அது பிடிக்கவில்லை. கூரை இல்லாத ஊருக்கு என் பிள்ளையை அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நாங்கள் வந்த பிறகு மாமா எழுதிய கடிதங்கள் அவருடைய கையில் போய் அங்கேயே நின்றுவிட்டன. கடைசியில் திரும்பி வந்த ஒரு குடும்பத்திடம் அக்கா வாயால் சொல்லி அனுப்பியிருந்தார். தவக்காலம் தொடங்குவதற்கு முன் ஒரு சனிக்கிழமை தன் பெயரை வாசித்தால், தகப்பன் என்ன சொன்னாலும் தான் வந்துவிடுவாராம். வாசிக்காவிட்டால் தன்னை மறந்துவிட வேண்டுமாம். எந்தப் பாட்டு என்று சொல்லவில்லை. பெயர்தான் அடையாளம்.

இது அத்தனையும் எனக்கு அப்போதே காதில் விழுந்தது. ஆனால் றேடியோவில் பெயர் வருவது என்றால் எனக்குப் பரிசு விழுவது மாதிரி. அக்காவுக்கு விழுந்தால் நல்லது, விழாவிட்டால் அடுத்த முறை. அவ்வளவுதான்.

அம்மாவுக்கு இந்த றேடியோக் கதையே பிடிக்காது.

“நீ நண்டு பிடிக்கப் போறியோ, பாட்டுக் கச்சேரிக்குப் போறியோ?” என்று கேட்பார்.

“நண்டும் பாட்டுக் கேட்டால் தானா வந்து ஏறும் அக்கா” என்பார் மாமா.

“நண்டு ஏறட்டும். நேவி ஏறாட்டிச் சரி” என்பார் அப்பா. அப்பா ஒரு நாளைக்குப் பேசுவது அவ்வளவுதான்.

அப்பா சொன்னதிலும் காரணம் இருந்தது. வள்ளத்தில் றேடியோ வைத்திருந்த ஒருவரை, அது செய்தி அனுப்புகிற கருவியோ என்று ஒரு பகல் முழுக்க வைத்து விசாரித்திருந்தார்கள். அதனால் அப்பா ஒரு சட்டம் போட்டிருந்தார். நேவிப் போட்டைக் கண்டால் உடனே நிப்பாட்டி ஒளிக்கவேண்டும்.

தவக்காலத்துக்கு முந்திய கடைசிச் சனிக்கிழமையும் வந்தது. அதுவரை பெயர் வரவில்லை. மறுநாள் ஞாயிறு வங்காலையிலிருந்து பெண்வீட்டுக்காரர் மாமாவைப் பார்க்க வருவதாக அம்மா ஒழுங்கு செய்துவிட்டார். “இண்டைக்கு அவளின்ர பேர் வந்தால் நான் ஆளனுப்பி வரவேண்டாம் எண்டு சொல்லுறன். வராட்டி நாளைக்கு வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு கதிரையில இருக்கவேணும், கண்டியோ” என்றார். மாமா தலையாட்டினார்.

வழக்கமாக வலை இழுக்க அவர்களோடு வருகிற மனிதருக்கு அன்று காய்ச்சல். மாமாதான் இழுக்கவேண்டும். ஈரக் கையோடு றேடியோவைப் பிடிக்க முடியாது. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு வலை வழியே போகும்போது, தள்ளி இருந்தால் சத்தமும் கேட்காது. காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்க ஒரு ஆள் வேண்டும். மாமா என்னைக் காட்டினார்.

“பொம்பிளைப் பிள்ளையை ஆரடா வள்ளத்தில ஏத்துறது?” என்று அம்மா சத்தம் போட்டார்.

“இது பொம்பிளைப் பிள்ளையில்லை. இது என்ர றேடியோக்காரி” என்றார் மாமா.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் கரை சின்னதாகத் தொடங்கியதும் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். அதற்கு முன், நினைவு தெரிந்து நான் வள்ளம் ஏறியது முகாமிலிருந்து வந்தபோது மட்டும்தான். அன்று என்னைப் படங்குத் துணிக்குக் கீழே படுக்க வைத்திருந்தார்கள். இப்போது எல்லாப் பக்கமும் தண்ணீர் தெரிந்தது. நான் அப்பாவின் காலடியில் குந்தி, இரண்டு கையாலும் றேடியோவைக் காதோடு பிடித்துக்கொண்டேன். அதன் கம்பியை முழுதாக இழுத்து உயர்த்தியிருந்தேன்.

“என்ன, கேட்குதோ?” என்றார் மாமா, முன்பக்கத்தில் நின்றபடி.

“வடிவாக் கேட்குது மாமா!”

அப்பா முகத்தைச் சுழித்தார். “வடிவாக் கேட்குதெண்டால் நாங்கள் கனதூரம் வந்திட்டம். மச்சான், கெதியா இழு.”

எனக்கு அது புதிய பயம். ஒவ்வொரு பாட்டும் தெளிவாகக் கேட்கக் கேட்க, இந்திய எல்லை கிட்ட வருகிறது என்று நினைத்தேன். தெளிவாகக் கேட்கவும் வேண்டும், கேட்கவும் கூடாது. முதல் பாட்டுக்குப் பெயர்கள் வாசித்தார்கள். எல்லாம் மதுரைப் பக்கத்து ஊர்கள். இரண்டாவது பாட்டுக்கும் வாசித்தார்கள். ஒவ்வொரு முறையும் மாமா வலையைக் கையில் பிடித்தபடியே நின்று என்னைப் பார்ப்பார். நான் தலையை இல்லை என்று ஆட்டுவேன். அவர் திரும்பி இழுப்பார். வலையில் நண்டு நன்றாக இருந்தது. அன்று யாரும் அதைக் கவனித்ததாக எனக்கு நினைவில்லை.

மூன்றாவது பாட்டுக்கு அறிவிப்பாளர் பெண் ஊர் ஊராக வாசித்துக்கொண்டு வந்தார். பரமக்குடி. இராமநாதபுரம். பிறகு, “மண்டபம் முகாமிலிருந்து…” என்றார்.

நான் கையை உயர்த்தினேன். மாமா வலையை விட்டுவிட்டார்.

ஒரு பெயர் வாசித்தார். அக்காவின் பெயர் இல்லை. அடுத்த பெயருக்கு அவர் மூச்சு எடுத்த அந்த நேரத்தில் அப்பா என் தோளில் அடித்தார்.

“நேவி வாறான்! நிப்பாட்டு பிள்ளை, நிப்பாட்டு!”

நான் நிப்பாட்டினேன். காலடியில் குவிந்து கிடந்த ஈர வலைக்குக் கீழே றேடியோவைத் தள்ளி, அதன்மேல் ஏறி இருந்துகொண்டேன். நண்டொன்று என் பாவாடையைப் பிடித்தது. அதைத் தட்டிவிடக்கூடப் பயம்.

சாம்பல் நிறப் போட் சுற்றி வந்து எங்களோடு அணைந்தது. நாலு பேர் நின்றார்கள். அப்பா பாஸைக் காட்டினார். ஒருவன் என்னைக் கையால் காட்டி ஏதோ கேட்டான்.

“மகள் சேர், மகள். இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லை” என்றார் அப்பா.

அவன் சிரிக்கவில்லை. என் இடுப்புக்குப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நானும் குனிந்து பார்த்தேன். வலைக்குள்ளிருந்து றேடியோவின் கம்பி ஒரு முழம் நீட்டிக்கொண்டு நின்றது. மடக்க மறந்துபோனேன்.

“மே மொகத்த?” என்று சிங்களத்தில் இது என்னவென்று கேட்டு எங்கள் வள்ளத்தில் காலை வைத்தான். நான் கண்ணை மூடி, அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினேன். பாதியில் அடுத்த வரி மறந்துபோய்விட்டது. அப்பாவைப் பிடித்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்று முடிவெடுத்துவிட்டேன். அம்மாவுக்கு யார் சொல்வது என்றுகூட யோசித்தேன்.

அவன் றேடியோவை இழுத்து எடுத்தான். சொப்பின் பையை அவிழ்த்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு குமிழைத் திருகினான்.

பாட்டு வந்தது. பெயர்கள் முடிந்து, பாட்டுத் தொடங்கிவிட்டிருந்தது.

அவன் றேடியோவைத் தன் காதில் வைத்தான். பிறகு சத்தத்தைக் கூட்டி, இரண்டு வள்ளத்துக்கும் நடுவே உயர்த்திப் பிடித்தான். “பாட்டு நல்லம், பாட்டு நல்லம்” என்றான். மற்றொருவன் தோளில் தொங்கிய துவக்கின் மேல் விரலால் தாளம் போட்டான். ஆறு பெரிய ஆண்களும் நானும் அந்தப் பாட்டு முடியும் வரை கடலில் ஆடிக்கொண்டு நின்றோம். அப்பா பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார், அது சிரிப்பில்லை. மாமா றேடியோவையே பார்த்துக்கொண்டு நின்றார். அது எவரெவர் கேட்ட பாட்டு என்பது அந்த வள்ளங்களில் ஒருவருக்கும் தெரியாது.

பாட்டு முடிந்தது. “ஹொந்தாய்”, நல்லது, என்று சொல்லி, நேவிக்காரன் றேடியோவை என் மடியில் வைத்தான். என் தலையிலும் ஒரு தட்டுத் தட்டினான். போய்விட்டார்கள். நிகழ்ச்சியும் முடிந்து விளம்பரம் போய்க்கொண்டிருந்தது.

மாமா அப்பாவைத் தாண்டி என்னிடம் வந்து குந்தினார். ஈரக் கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார்.

“பிள்ளை, முகாமில இருந்து எண்டு வாசிச்சதெல்லோ. அக்காட பேர் வந்ததோ?”

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அப்போது எனக்கு ஒரே ஒரு பயம்தான். வாசிக்கும்போது நிப்பாட்டிவிட்டேன் என்று சொன்னால் பேச்சு விழும். ஒரு வேலைதானே தந்தது, அதையும் கெடுத்துவிட்டாய் என்பார்கள். இனி வள்ளத்தில் ஏற்றமாட்டார்கள். அப்பாவும் நான் கம்பியை மடக்காமல் விட்டதை நினைத்துக்கொள்வார்.

“வாசிச்சு முடிஞ்சுது மாமா. அக்காட பேர் வரேல்லை.”

“முழுக்கக் கேட்டனியோ?”

“ஓம்.”

அவர் என் பாவாடையில் தொங்கிக்கொண்டிருந்த நண்டைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டார். “சரி, றேடியோக்காரி” என்றார். முன்பக்கம் போய், விட்ட இடத்திலிருந்து வலையை இழுத்தார்.

திரும்பி வரும்போது எனக்கு மனம் லேசாக இருந்தது. ஒருவரும் ஏசவில்லை. நான் சொன்னது பொய்கூட இல்லை, அந்தப் பெயர் என் காதில் விழவில்லைதானே என்று கணக்குப் போட்டேன். தெரியாது மாமா, நடுவில் நிப்பாட்டிப்போட்டன் என்று அன்று சொல்லியிருந்தால், அவர் அம்மாவிடம் கெஞ்சி வங்காலைக்காரரை ஒரு கிழமை பொறுக்கச் செய்திருப்பார். யாரையாவது பிடித்து முகாமுக்குச் செய்தி அனுப்பியிருப்பார். அந்த வழியை நான்தான் அடைத்தேன் என்று விளங்க எனக்குக் கல்யாண வயது வரவேண்டியிருந்தது. அதற்குள் மாமாவுக்கு மூன்று பிள்ளைகள். மாமி நல்ல மனுஷி, என்னைத் தன் பிள்ளைகளோடு வைத்துத்தான் பார்ப்பார். அந்த அக்காவின் குடும்பம் திரும்பி வரவில்லை. அன்று அவர் அஞ்சலட்டை போட்டாரோ இல்லையோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் பூசை முடிந்து, வங்காலையிலிருந்து ஒரு வான் வண்டியில் ஐந்து பேர் வந்தார்கள். மாமா வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். அம்மா நண்டுக் குழம்பு வைத்தார். பிள்ளைகளுக்கு முதல் பந்தியிலேயே சாப்பாடு போட்டார்கள்.